பத்தாவது உருண்டை

"புள்ளைய நல்லா வளத்ததுக்கு இதான் கூலியா டீச்சர்?" என்று சீனியம்மாள் கேட்டே விட்டாள்.

விக்டோரியாவை ஊரே டீச்சர் என்று கூப்பிட்டாலும், அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர்கள், அவனியாபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் வேலைக்கு வைத்திருந்த பொம்பளை. மாசம் ஒரு நாள் வேப்பமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, மூணு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளை எல்லாம் தூளியில் உட்காரவைத்து எடை போடுவாள். எடை ஏறிய பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. ஏறாத பிள்ளைக்குத் தினம் ஒரு சத்துருண்டை.

எல்லாப் பிள்ளைக்கும் அள்ளிக் கொடுக்காமல், வாடின பிள்ளையாய்ப் பார்த்துக் கொடுத்தால் போதுமா என்பதுதான் ஆராய்ச்சியாம்.

ஆராய்ச்சி கிடக்கட்டும். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு மகன் மலையாண்டிக்கு உருண்டை கிடைக்கிறது, தன் மகள் அழகம்மாளுக்குக் கிடைக்கவில்லை. சீனியம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இத்தனைக்கும் அவள் வீட்டில் கறவை மாடு நின்றது. புருஷன் லேத்துப் பட்டறையில் சம்பளக்காரன். தங்கப்பொண்ணுக்கோ, களையெடுக்கப் போனால்தான் உலை. அவள் மகன் மணல்வாரி அம்மை கண்டு எழுந்தவன், விலா எலும்பை எண்ணிவிடலாம்.

சீனியம்மாள் அதையா பார்த்தாள்? டாக்டர் வந்தால் அவனைத்தான் தூக்கிக் கொஞ்சுகிறார், அதைத்தான் பார்த்தாள்.

"வேணும்னே பட்டினி போட்டுத் தூக்கிட்டு வர்றா டீச்சர். நீங்க ஏமாறுறீக."

விக்டோரியா அட்டையில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்தவ எவளாச்சும் அப்படிச் செய்வாளா?"

செய்வாளா என்று கேட்டால்? சீனியம்மாள் வீட்டுக்குப் போனாள், செய்தாள்.

கறந்த பாலை ஒரு சொட்டு விடாமல் சொசைட்டிக்கு ஊற்றினாள். மதியச் சோறு நின்றது. பசித்து அழுத பிள்ளைக்கு வரக்காப்பியைக் காட்டி ஏமாற்றினாள். தன் மூக்கு அறுந்தாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனப் பிழையாகணும் என்பார்களே, அந்தக் கதைதான். முதல் ரெண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது. அப்புறம், உருண்டை தின்னா எல்லாம் சரியாப் போயிரும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூணு வாரத்தில் அழகம்மாளின் கன்னம் ஒட்டிப்போயிற்று. இடுப்பில் நிற்காமல் துவண்டது.

அடிகுழாயில் தண்ணீர் அடிக்க வந்த தங்கப்பொண்ணு பதறிப்போனாள். "ஏத்தா சீனி, புள்ள என்ன இப்படி உருகிட்டா? காச்சலா?"

"எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ மதினி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, சீனியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

நேரே விக்டோரியாவிடம் போய்ப் பிள்ளையைக் காட்டினாள். மதினிக்காரி பின்னாலேயே வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

விக்டோரியா பிள்ளையைத் தடவிப் பார்த்தாள். புள்ள இளைச்சது நெசந்தான், ஆனா இந்த ஊருக்குப் பத்து உருண்டைக்கு மேல வராது, பத்துப் பேரும் இருக்காங்க, ஒருத்தர் எடை ஏறி வெளியே போனாத்தான் அடுத்த பிள்ளையைச் சேர்க்கலாம் என்று வருத்தத்தோடு சொன்னாள்.

எடை போடுகிற நாள் வந்தது.

உருண்டை வாங்கும் மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கும் எடை ஏறவில்லை. பத்தாவதாக மலையாண்டி தூளியில் உட்கார்ந்தான். முள் சரசரவென்று இறங்கியது. போன மாசத்துக்கு அரைக் கிலோ கூடுதல்.

விக்டோரியாவுக்கு வாயெல்லாம் பல். அவன் அட்டையில் பேனாவை மேலே இழுத்துக் கோடு போட்டு, இனிமே இவனுக்கு உருண்டை வேண்டாம் என்றாள். அந்த இடத்தில் அழகம்மாள் பேரை எழுதி, முதல் உருண்டையை அங்கேயே பிள்ளை கையில் வைத்தாள். அழகம்மாள் அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் தின்றது.

சீனியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தாகிவிட்டது. இதைத் தங்கப்பொண்ணு முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் எப்படி? எங்கே போனாள் என்று தேடினாள்.

தங்கப்பொண்ணு மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மகனின் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மலையாண்டி ஓங்கரித்து ஓங்கரித்து வாந்தி எடுத்தான். வந்ததெல்லாம் வெறும் தண்ணீர்.

"என்ன மதினி, உருண்டை போனதுல மகனுக்கு வயிறு கலங்கிருச்சோ?"

"சத்தம் போடாதத்தா, டீச்சருக்குக் கேட்டுறப் போகுது."

தங்கப்பொண்ணு மகனின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு செம்புத் தண்ணியக் குடிக்க வச்சுத்தான் இவனத் தராசுல ஏத்துனேன். ஒரு ஆளு எறங்குனாத்தானே ஒம்மகளுக்கு எடம்? இவன் வாடி வாடிப் பழகுனவன், தாங்கிக்கிருவான். அது நெறைஞ்ச வயித்தோட வளந்த புள்ள, தாங்காதுத்தா."