வந்து சேராத கை

முதல் தேதி காலை ஞானசிகாமணி இளைய மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய கை மட்டும் இன்னும் மகள் வீட்டிலேயே இருந்தது. குளியலறை வாசலில் நின்று அது வலப்பக்கச் சுவரைத் தடவித் தடவி சுவிட்சைத் தேடியது. இங்கே சுவிட்ச் இடப்பக்கம். மூத்தவன் வீட்டில் கதவுக்கு வெளியே. மாதம் முடியும்போதுதான் கை வந்து சேரும். அதற்குள் அடுத்த பிள்ளை வீட்டுக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள். இருட்டிலேயே உள்ளே போனவர் வழுக்கி விழுந்தார்.

“மாமாவுக்கு மறதி முத்திப்போச்சுங்க. பேசாம ஹோம்ல சேர்த்துடலாம்,” என்றாள் மருமகள்.

அது மறதிதானா என்று தெரிந்துகொள்ள மகன் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

“இப்ப யார் வீட்டுல இருக்கீங்க ஐயா?”

“இன்னிக்கு என்ன மாசம்னு சொல்லுங்க, சொல்றேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். பேரப்பிள்ளைகளின் பெயர், கூட்டல் கழித்தல், நேற்று வைத்த குழம்பு என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சரியாக வந்தது.

“மறதியெல்லாம் இல்ல. ஒரே வீட்டுல வச்சுக்கோங்க, சரியாயிடும்.”

காரை ஓட்டியபடியே மகன் அக்காவையும் அண்ணனையும் சேர்த்து ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

“அப்பாடா, நல்லதாப் போச்சு,” என்றாள் அக்கா.

“ஒரே வீடுன்னா...” என்று தொடங்கிய அண்ணன் முடிக்கவில்லை.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்டா.”

“நானும் இருக்கேன்.”

பின்சீட்டில் ஞானசிகாமணியின் கை கதவின் கைப்பிடியைத் தேடித் தடவத் தொடங்கியது. கார் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.