டீ ஆறுவதற்குள்

ஒரகடத்தில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் நடத்தும் எழிலரசி, அச்சுகளைக் குளிரவைக்கும் சில்லர் வாங்குமுன், அதை ஓட்டுகிறவரையே கேட்டுவிடலாம் என்று மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனாள்.

“மெஷின் எப்டிண்ணா?”

“வெயில் காலத்துல அப்பப்ப நின்னுடும் மேடம். ஆனா ரகுவுக்கு ஒரு போன் போட்டா போதும். டீ ஆறுறதுக்குள்ள வந்துடுவாரு. ஓடவிட்டுட்டுத்தான் போவாரு. தங்கமான மனுசன்!” என்றார் ஆபரேட்டர் நாகப்பன்.

எழிலரசிக்கு அது போதும். அந்த மெஷின் மேல் ஒட்டியிருந்த கம்பெனி நம்பருக்கு அங்கேயே போன் போட்டாள்.

“ரகு சாரைக் குடுங்க. எனக்கும் இதே மாடல்தான் வேணும்.”

நாகப்பன் பதறினார்.

“அங்க ஏன் மேடம் கேக்கறீங்க? இத்த வித்தவங்க கோயமுத்தூர்ல கீறாங்க, கூப்ட்டா வரவே மாட்டாங்க. ரகு வேற கம்பெனி. அவங்க மெஷின் வேணாம்னு நாங்கதான் அவரத் திருப்பி அனுப்புனோம்!”

எழிலரசி போனை வைத்தாள்.

“அவர் நம்பர் சொல்லுங்கண்ணா.”