முறுக்கினார்

மில் சூப்பர்வைசர் மேல் புகார் கொடுக்க வந்த மரகதவல்லி உட்காரவே இல்லை. கட்டுப் போட்ட கையைத் தாங்கியபடி சுவருக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே சொன்னாள். காவலர் ஜெசிந்தா எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். “என் கையை முறுக்கினான்.”

“முறுக்கினாருன்னுதானே மேடம் சொன்னேன்.”

“அவனுக்கு என்னக்கா மரியாதை?”

“எட்டு வருஷம் சார்னு கூப்பிட்ட வாய். சட்டுன்னு மாறுமா? இது என் புகாரா, உங்க புகாரா?”

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ‘ன்’ இருந்த இடத்தையெல்லாம் அடித்து ‘ர்’ போட்டாள். அவசரத்தில் ஓரிடத்தில் தாள் கிழிந்தது. மறுபடி வாசித்தாள். “கதவைச் சாத்தினார். கையை முறுக்கினார். ‘போய்ச் சொல்லு, உன்னை யார் நம்புவாங்க’ என்றார்.”

மரகதவல்லியின் நடை நின்றது. “அந்தக் கடைசி வரியை மட்டும் மாத்தணும்.”

“எப்படி எழுதணும்க்கா?”

“யார் நம்புவாங்கன்னு சொன்னா…” மீதி இருந்தது ஒரே எழுத்து. ஜெசிந்தா அதை எடுத்துக் கொடுக்காமல், பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள்.