மரியாதை முடிவதற்குள்

பந்து இன்னும் மேலேதான் இருந்தது.

யேரின் கோல் கம்பங்களை விட்டு நாலடி முன்னால் வந்துவிட்டாள். அவளுக்கு எதிரே, பந்தையே அண்ணாந்து பார்த்தபடி பின்வாங்கி வந்துகொண்டிருந்தார் மல்சுன்.

இப்போது கத்த வேண்டும்.

குன்சான் நகரப் பெண்கள் அணியில் யேரின் கோல்கீப்பர்; அவளுக்கு முன்னால் நின்று தடுப்பவர் மல்சுன். அணியிலேயே மூத்தவர், அறுபதைத் தாண்டியவர். மற்றவர்களுக்கு அவர் 'பெரியக்கா'. யேரின் அப்படிக் கூப்பிட முடியாது. அவள் கூப்பிட வேண்டிய முறை வேறு. அதன் பின்னால் வால்போல நீளும் மரியாதையும் வேறு.

'தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்' என்று கொரிய மொழியில் முறைப்படி சொல்லி முடிப்பதற்குள், போன மாதம் இரண்டு கோல் விழுந்தன. இரண்டு முறையும் இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொண்டார்கள். பந்து யாருக்கும் சொந்தமில்லாததுபோல மெல்ல உருண்டு உள்ளே போனது.

பயிற்சியாளர் பியோ பொறுத்துப் பார்த்தார். பிறகு வெடித்தார்.

"நீ மரியாதை குடுத்து முடிக்கிறதுக்குள்ள அவளுங்க கோலைப் போட்டுட்டுக் கும்மாளமே அடிச்சு முடிச்சிடறாளுங்க! இங்கிலீஷ்ல கத்தித் தொலைம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, கையுறை போரா கைக்குப் போயிடும்."

போரா மாற்று கோல்கீப்பர். போன வாரமே புதுக் கையுறை வாங்கி வைத்துவிட்டாள்.

அதனால்தான் யேரின் நூலகத்து மாலை வகுப்பில் சேர்ந்தாள். மற்றவர்கள் ஓட்டலில் அறை கேட்கப் பழகினார்கள். அவள் மட்டும் கால்பந்து வார்த்தைகளாகக் கேட்டு ஆசிரியரைத் திணறடித்தாள். மூன்று கோல் போட்டால் 'ஹாட்ரிக்', அதில் தொப்பி எங்கிருந்து வந்தது? கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிடுவதற்கு 'நட்மெக்' என்று ஜாதிக்காயின் பெயர் ஏன்? அவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

அவளுக்கு வேண்டிய வார்த்தை மட்டும் உடனே கிடைத்தது. லீவ் இட்.

அவளால் அதை நம்ப முடியவில்லை. நாயிடம் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். லீவ் இட். குழந்தையிடம்? அதேதான். நாட்டின் அதிபர் பந்தைத் துரத்தி வந்தால்? ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார். அதேதான் என்றார்.

இவ்வளவு சின்ன வார்த்தையில் அந்த ஊர்க்காரர்கள் பெரியவர்களை எங்கேதான் உட்கார வைக்கிறார்கள் என்று பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். குளியலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி சொல்லிப் பழகினாள். எத்தனை முறை சொன்னாலும் யாரையோ அதட்டுவதுபோலவே இருந்தது.

இன்று காலை வேனில் அணி முழுவதும் அதைக் கத்திப் பழகியது. மல்சுன் கடைசி இருக்கையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கிம்பாப் சோற்றுருளைகளையும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் முள்ளங்கியையும் பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

பந்து இறங்கத் தொடங்கியது.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று குன்சான் முன்னால் இருந்தது. கடைசி நிமிடம். கோட்டுக்கு வெளியே போரா எழுந்து நின்றுவிட்டாள்.

யேரின் வாயைத் திறந்தாள்.

"லீவ் இட்!"

மைதானத்துக்கு அப்பால் வேலி மேலிருந்த புறாக்கள் எழும்பின.

மல்சுன் அடித்து வைத்த முளைபோல நின்றார். பந்து அவர் தலைக்கு மேலாக வந்து யேரினின் மார்பில் விழுந்தது. அவள் இரண்டு கைகளாலும் அதை இறுக்கிக்கொண்டாள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். மல்சுன் மட்டும் நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

யேரின் பந்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வரை குனிந்தாள்.

"மன்னிச்சிருங்க. அது இங்கிலீஷ் வார்த்தைங்க. காலைல வேன்ல எல்லாரும் சொன்னோமே..."

"அந்த எழவெல்லாம் யாருக்குப் புரிஞ்சுது? நான் முள்ளங்கி எல்லாருக்கும் வந்துச்சான்னு பாத்துட்டிருந்தேன்."

யேரின் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்போ ஏங்க நின்னீங்க?"

மல்சுன் அவள் கையைப் பிடித்து, அவிழ்ந்து தொங்கிய கையுறைப் பட்டையை இழுத்து ஒட்டினார்.

"மூணு வருஷமா ஒரே வீட்டுல, ஒரே மேசையில சாப்பிடறோம். உனக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு இன்னைக்குத்தானே தெரியுது, மருமகளே."