சிவக்காத ஆரத்தி

யாரிடமும் சொல்லாமல் கட்டிக்கொண்ட பெண்ணோடு தம்பி வாசலில் நின்றான். ஆரத்தி எடுக்கவே கூடாதென்று, அம்மா சுண்ணாம்பு டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். சுண்ணாம்பு சேராத மஞ்சள் தண்ணீர் தட்டில் மஞ்சளாகவே கிடந்தது. அக்கா வேதவல்லி கொல்லைக்கு ஓடி, துணி சோப்பைச் சுரண்டி வந்து அதில் கரைத்தாள். தண்ணீர் குங்குமமாய்ச் சிவந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நுரை. சுற்றி முடித்து, பெண்ணுக்குப் பொட்டு வைக்க விரலை நனைத்தாள். “நில்லுடி.” பின்னால் அம்மா. நுரையைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை. “வேர்த்து வழியுது அவளுக்கு. சோப்புத் தண்ணி கண்ணுல இறங்கினா எரியாதா?” தட்டைப் பிடுங்கித் தெருவில் கொட்டினாள். “போய் வேற மஞ்சள் கரைச்சு எடுத்துட்டு வா” என்றவளின் கை இடுப்புக்குப் போனது.