இடக்கைக்காரி

போட்டிக்கென்றே முழு நேரமும் பழக ஒரு ஜியு-ஜிட்சு மல்யுத்தப் பள்ளி தேடிப் போனவளிடம், முதல் பள்ளியின் பெண் பயிற்சியாளர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்.

"இடது கையையே நம்பிட்டிருக்கே. வலது சுத்தமா வரலை. போட்டிக்குப் போக ரெண்டு வருஷமாவது ஆகும்."

இரண்டாவது பள்ளிக்காரர் ஒரு சுற்று பார்த்ததுமே எழுந்து வந்தார்.

"உன்னை மாதிரி ஒருத்தியைத்தாம்மா தேடிட்டிருந்தேன்! இந்த உயரம், இந்த எடை, இந்த இடது கைப் பிடி... எதையும் மாத்தாதே. நாளைக்கே வந்துடு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"குறை சொன்னவங்களை விட்டுட்டுக் கொண்டாடறவர்கிட்ட போறியேடி," என்றாள் அக்கா.

"உனக்குப் பொறாமை!" சொன்ன கையோடு மருந்துக்கடை வேலையையும் விட்டாள்.

தினமும் பயிற்சியாளரின் மகளோடுதான் மோதல். கழுத்துப் பிடியில் மூச்சு முட்டி, 'விட்டுடு' என்று தரைவிரிப்பைத் தட்டித் தட்டியே உள்ளங்கை காய்த்துப்போனது.

"நான் எப்ப சார் போட்டிக்குப் போறது?"

"அவசரப்படாதேம்மா. அடுத்த தடவை."

போட்டி நாளன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இறுதிச் சுற்றில் மகளுக்கு எதிரே வந்து நின்ற போன வருட சாம்பியனைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அதே உயரம், அதே உடம்பு. முதலில் நீண்டதும் இடது கைதான்.

பழகிய பூட்டைத் திறப்பதுபோல், மகள் ஒரே நிமிடத்தில் மடக்கிவிட்டாள்.

பயிற்சியாளர் பூரித்துப்போய் பார்வையாளர் வரிசைக்கு ஓடிவந்து இவள் தோளைத் தட்டினார்.

"பிரமாதம்மா! நாளையிலேர்ந்து வலது கையால பிடிக்கப் பழகிக்க. அடுத்த போட்டியில என் பொண்ணுக்கு எதிரா நிக்கப்போறவ வலக்கைக்காரி."