கடைசி மோட்டார்

"அந்த மோட்டாரை யாருக்கும் கொடுத்துடாதீங்க!" சீனாவின் ஷென்சென் மின்னணுச் சந்தையின் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஓடி வந்த லுவோ, கடைக்காரி சியூவிடம் கத்தினான்.

"பொறுப்பா! போன்ல ஒரு அம்மாவும் இதையேதான் கேட்டு மெசேஜ் அனுப்பிட்டிருக்காங்க. இருக்கிறது ஒண்ணுதான்."

"அக்கா, நாளைக்கு நான் செஞ்ச முதல் குட்டி மாடல் விமானம் பறந்தாகணும். பெண்டாட்டிக்குத் தெரியாம ஆபீஸ்ல ஒளிச்சு வச்சு ஒட்டின இறக்கை! இருபது ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலரும் ஒண்ணு எடுங்க."

சியூ அந்த அம்மாவுக்கு விவரத்தைப் போனில் தட்டினாள். பதில் வந்ததும் சிரித்தாள்.

"இருபதா? கிளம்பின உடனே புகைஞ்சிடும், முப்பது வாங்கச் சொல்லுங்கன்றாங்க."

"கெட்டிக்காரிதான்! மோட்டாரை விட்டுக் கொடுப்பாங்களா?"

"மாட்டாங்களாம். ஆனா அவங்ககிட்ட இறக்கை இல்லையாம். ரெண்டு பேரும் சேர்ந்து பறக்க விடலாமான்னு கேக்குறாங்க."

"சரின்னு போடுங்கக்கா!" லுவோ துள்ளினான்.

சியூ மோட்டாரைப் பெட்டியில் வைத்து முகவரி எழுதினாள். "வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதாம், கீழ பார்சல் லாக்கர்லயே வச்சிடணுமாம். புருஷனுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாராம்."

லுவோ ஆவலோடு எட்டிப் பார்த்தான். ஆறாவது பிளாக், பதினேழாம் மாடி, மூன்றாம் கதவு.

அது அவனுடைய வீடு.